அண்ணியின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீரத்தில் பிறக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வாயில் பிறந்தது.

என் கணவரின் அக்கா பல் டாக்டர். எனக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ஜூடோ வகுப்புக்குப் போறோம்."

"யாரு அண்ணி?"

"நீயும் நானும்தான். என்கூடப் பயிற்சி பண்ணிட்டிருந்த பொண்ணு வேலை மாத்தலாகிப் போயிட்டா. ஜோடி இல்லாம ரெண்டு வாரமா சுவரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். உன் எடைதான் எனக்குச் சரியா வரும்."

"என் எடை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே!"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "சரி அண்ணி" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் சொல்லி வருகிறேன். உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை மட்டும் நீட்டி, "சண்டை போடறதுக்குன்னு நான் ஒருத்தன் வீட்டுலயே சும்மா இருக்கேனே, அது போதாதா?" என்றார்.

2

நான் கதை எழுதுகிறவள். இதை எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "மழை தூறிக்கொண்டிருந்த அந்த இரவில், கையில் கத்தியுடன் ஒருவன் அவளை நோக்கி—"

[வேண்டாம். எங்கள் தெருவில் கத்தியோடு அலைகிறவர் சாணை பிடிப்பவர் ஒருவர்தான். அவர் ரொம்ப நல்லவர்.]

இரண்டாம் முயற்சி: "அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒல்லியான உடல்வாகு. கண்களில் அணையாத ஒரு—"

[இவளை எனக்குப் பிடிக்கவேயில்லை. இவளுக்கு முட்டிவலி கிடையாது. கீழே விழுந்தால் அழகாக விழுகிறாள், எழுந்தால் தலைமுடி கலைவதில்லை. இப்படி ஒருத்தியை மூன்று பக்கம் வரை சுமந்துகொண்டு போனேன். நான்காம் பக்கத்தில் அவள் ஓடிவந்து ஒருவனை எட்டி உதைத்தபோது, போதும் தாயே, நீ போய் வா என்று அனுப்பிவிட்டேன்.]

மூன்றாம் முயற்சி: நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி குப்புற விழுந்தாள். அது நான்தான்.

இதை வைத்துக்கொள்வோம்.

3

டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு நீளக் கூடம். தரை முழுக்கப் பச்சை மேட். கீழேயிருந்து ரப்பர் வாசனையும் காற்றடிக்கும் இயந்திரத்தின் புஸ்ஸும் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். நாங்கள் மேலே தொப்புத்தொப்பென்று விழுந்தால் கடைக்காரர் தலையில் சுண்ணாம்பு உதிருமாம். முதல் வாரமே படியேறி வந்து கேட்டார்: "ஏங்க, புதுசா யாராவது சேர்ந்திருக்காங்களா? சத்தம் பலமா இருக்கே."

எங்கள் மாஸ்டர் ஓர் இளம்பெண். எனக்குச் சீக்கிரம் கல்யாணம் நடந்திருந்தால் அந்த வயதில் ஒரு மகள் இருந்திருப்பாள். குரலை உயர்த்தவே மாட்டாள். "அக்கா, இன்னொரு தடவை விழுங்க" என்பாள், இன்னொரு வாய் சாப்பிடுங்க என்பதைப் போல.

ஆரம்ப மாணவியாக எனக்குச் சில கருத்துகள் உண்டு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுத்தாளர் என்று ஆன பிறகு கேட்காமலே சொல்லத்தான் வேண்டும்.

தற்காப்புக் கலை என்றால் அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போகிறோம். முதல் மாதம் முழுக்க விழத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பின்னால் விழு, பக்கவாட்டில் விழு, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழு, விழும்போது கையால் மேட்டை ஓங்கி அறை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. விழுவதற்கு எனக்கு வகுப்பு எதற்கு? குளியலறையில் நானே சுயமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேனே! ஆனால் ஒரு நாள் விழுந்தேன், வலிக்கவில்லை. எழுந்து நின்று, சந்தேகத்தோடு இன்னொரு முறை விழுந்தேன். அப்போதும் வலிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே போனேன்.

இன்னொரு கருத்து அந்த வெள்ளை உடுப்பைப் பற்றி. மெத்தை உறை மாதிரி முரடாக இருக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பெல்ட்டை இறுக்கி முடிச்சுப் போட்டதும், இடுப்பு என்று ஒன்று எனக்கு இருக்கிறது என்பதே ஞாபகத்துக்கு வந்தது.*

கடைசியாகத் தட்டு. இதுதான் கதைக்கு முக்கியம், அதனால் கவனமாகச் சொல்கிறேன். ஒருவர் உங்களைத் தரையோடு சேர்த்துப் பிடித்துவிட்டார். உங்களால் தாங்க முடியவில்லை. அப்போது மேட்டையோ அவர் உடம்பையோ இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால் அவர் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. உலகத்தில் இவ்வளவு மரியாதையான ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

(* அண்ணியின் குறிப்பு, பென்சிலில்: "இடுப்பு இருக்கட்டும். முதல் நாள் உடுப்பைத் திருப்பிப் போட்டுட்டு வந்ததை ஏன் எழுதல?")

4

அந்த மரியாதையான ஏற்பாட்டை நான் கெடுத்தேன்.

அண்ணி மேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுவருவார். அந்தக் கை வந்து சேருவதற்குள் என் கை தட்டிவிடும். தட் தட். அவர் விடுவார். மறுபடி ஆரம்பிப்பார். தட் தட். என்னைக் கேட்டால், இது பணிவு. குடும்பத்துக்குள் இப்படித்தான் காலம் தள்ளியிருக்கிறோம். எங்கள் வீட்டு வரவேற்பறைக்குத் திரைச்சீலை வாங்கப் போனபோது அண்ணி தன் கிளினிக்கில் தொங்குகிற அதே வெளிர்பச்சையைக் காட்டி, "இது நல்லாயிருக்கு இல்ல?" என்றார். "உங்களுக்குப் பிடிச்சா சரி அண்ணி" என்றேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், வாயைத் திறக்கச் சொல்லப்போகிறார்களோ என்ற முகத்தோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாஸ்டர் ஒரு நாள் எங்கள் பக்கத்தில் வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இப்ப எதுக்குத் தட்டினீங்க?"

"வலிச்சுது மாஸ்டர்."

"அவங்க இன்னும் பிடிக்கவே இல்லையே."

"வலிக்கும்னு தோணிச்சு."

கூடமே சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "விட்டுக்கொடுக்கறதா நினைச்சுட்டு இருக்கீங்க. ஆனா அவங்க பிடி சரியா தப்பான்னு அவங்களுக்குத் தெரியாமலே போகுது. நாளைக்கு நிஜமா திமிர்ற ஆள்கிட்ட மாட்டினா அவங்க கதி என்ன ஆகும்? நீங்க அவங்களை ஏமாத்தறீங்க அக்கா."

பிறகு இருவருக்குமாகச் சொன்னாள். மாதக் கடைசியில் பெல்ட் தேர்வு. எனக்கு மஞ்சள், ஆரம்ப வெள்ளைக்கு அடுத்தது. அண்ணிக்குப் பச்சை, அதற்காக அவர் ஒன்றரை வருஷமாக உழைத்திருக்கிறார். இருவரும் ஜோடியாகத்தான் தேர்வுக்கு வர வேண்டும். மாஸ்டர் இருபது எண்ணும்வரை அண்ணி என்னைப் பிடித்துவைக்க வேண்டும், நான் அதற்குள் விடுபடப் பார்க்க வேண்டும்.

"யார் ஜெயிக்கறாங்கன்னு நான் பார்க்கப்போறதில்ல. ஆனா ஒரே ஒரு பொய்த் தட்டு விழுந்தாலும் ரெண்டு பேருக்கும் பெல்ட் கிடையாது."

அண்ணி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம், இவளை நம்பிக் கெட்டேனே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

5

இந்த இடத்தில் என் பத்திரிகை ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசியில் மட்டுமே எனக்குப் பழக்கம். கதையின் பாதியை அனுப்பியிருந்தேன். "அருமையா போகுதுங்க. ஆனா ஒரு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கதை எல்லாம் முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோயிடுது" என்றார்.

நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

6

கடைவாய்ப்பல் ஒன்று மாதக்கணக்காகத் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் அண்ணியின் கிளினிக்கில் போய்ப் படுத்தேன். முகத்துக்கு நேரே விளக்கு, கிராம்பு எண்ணெய் வாசனை, உதட்டோரம் எச்சிலை உறிஞ்சும் குழாய். கருவித் தட்டின் மேல் சில காகிதங்களைச் சாய்த்து வைத்திருந்தார். நீங்கள் இதுவரை படித்த பக்கங்கள்தான் அவை. என் வீட்டுக்காரர் கொடுத்திருக்கிறார், துரோகி.

எழுத்தாளரின் வாயில் பஞ்சு. விமர்சகரின் கையில் துளைக்கும் கருவி. இப்படி ஓர் இலக்கியக் கூட்டத்தில் நான் அதற்குமுன் கலந்துகொண்டதில்லை.

"என்னை ஏன் இவ்ளோ அதிகாரமா எழுதியிருக்க?"

"ஆ... ஆங்..."

"பேசாதே, நல்லாத் திற. உன் கதை எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். நல்லா வரும், நல்லா வரும், சண்டை வரப்போற நேரத்துல எல்லாரும் ஜன்னல் வழியா வெளிய பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்."

நான் முறைத்தேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் அது கண் கூசுகிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"வலிச்சா இடது கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன்" என்று கருவியைக் கிட்டே கொண்டுவந்தார். என் இடது கை மேலே போய்விட்டது.

அண்ணி நிறுத்தினார். கருவியைத் தட்டில் வைத்தார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னும் பல்லுல படவே இல்லடி."

நான் கையை இறக்கினேன்.

"வலிக்காதப்பவே கையைத் தூக்கினா, எங்க வலிக்குதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? இத்தனை வருஷமா எதைக் கேட்டாலும் சரி அண்ணி, சரி அண்ணி. உனக்கு நிஜமா எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஏதோ சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கும் சில சமயம். கஷ்டமா இருக்கும், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவருக்கும் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான்தான் தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பச்சைத் திரைச்சீலை உனக்குப் பிடிக்கும்தானே?"

வாய் நிறையப் பஞ்சு. பொய் சொல்லக்கூட இடமில்லை. தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

"பிடிக்காதா!" அண்ணி அப்படியே தன் சக்கரம் வைத்த ஸ்டூலோடு பின்னால் உருண்டு போனார். "அடிப்பாவி! பதினாறு வருஷமா தொங்குதேடி!"

பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் குழாயோடு சேர்ந்து சிரித்தேன். புரையேறி, கண்ணில் நீர் வந்து, அது எதனால் வந்த நீர் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. கடைசியில் பல்லைச் சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்துவிட்டார். "ஒரு வாரம் தாங்கும். இந்தப் பக்கம் கெட்டியா எதையும் கடிக்காதே. தேர்வு முடியட்டும், நிரந்தரமா பண்ணிடறேன்."

வாசல் வரை வந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை நிஜமா சண்டை போடு. இல்ல, உன்னோட பேசவே மாட்டேன்."

7

தேர்வுக்கு முதல் நாள் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவள் மாடிப்படியில் வழுக்கி விழுகிறாள். கற்ற வித்தை அவளைக் காப்பாற்றுகிறது. படிப்பினை இருக்கிறது, பாடநூலில் சேர்க்கலாம். கிழித்தேன்.

இன்னொன்றில், அவள் தோற்கிறாள். ஆனால் தோல்வியில் ஒரு பேரமைதி— [தட் தட். எங்கள் இலக்கியக்காரர்களுக்குத் தோல்வி என்றால் வெல்லக்கட்டி. ஜெயித்தால் மட்டமான கதை, தோற்றால் ஆழமான கதை. நானும் பல வருஷம் இந்தக் கடையில்தான் சரக்கு வாங்கினேன். இனி வாங்குவதாக இல்லை.]

மூன்றாவதில் இருவரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். அதை அண்ணி கண்ணில் படாமல் எரித்துவிட்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை. கூடத்தின் ஓரத்தில் டயர் கடைக்காரர் தன் ஆட்களோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சத்தத்தை இத்தனை நாள் சகித்ததற்கு இதைப் பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்றார். என் வீட்டுக்காரர் செருப்பு அடுக்கும் பலகை பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் இப்ப அக்காவுக்குக் கை தட்டணுமா, பொண்டாட்டிக்குத் தட்டணுமா?" என்று புலம்பினார்.

"நீ சும்மா இருந்தாலே போதும்டா" என்றார் அண்ணி.

குனிந்து வணங்கிக்கொண்டோம். மாஸ்டர் தலையசைத்தாள். நான் மல்லாந்து படுத்தேன். அண்ணி என் வலப்பக்கம் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, என் வலக்கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விலாவின் மேல் சாய்ந்தார்.

அம்மாடி! எத்தனை கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய கை அது. இத்தனை மாதங்களில் அண்ணியின் பிடி எப்படி இருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அதைத் தொட விட்டதே இல்லையே. மூச்சு பாதியில் நின்றது. கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. சும்மா கிடந்த இடது கை தானாக எழுந்தது.

இங்கே நிறுத்தலாம் என்று இருக்கிறது. [இங்கே நிறுத்தினால் நல்ல கதைதான். எழுந்த கை, மூச்சு, வெளிச்சம். இதைவிடச் சுமாரான இடங்களில் நான் நிறுத்தியிருக்கிறேன்.]

நிறுத்தவில்லை.

எழுந்த கையை அண்ணியின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோனேன். வலது முழங்கையை மெல்ல உள்ளே இழுத்து இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன். இடுப்பைத் தூக்கி, இடது தோளுக்கு மேலாக அவரைப் புரட்டப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி தூக்கினேன். மலையைப் புரட்டுகிற மாதிரிதான். மாஸ்டரின் எண்ணிக்கை காதில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்படித்தான், தூக்கு! இன்னும் தூக்கு!" என்று அண்ணியே கத்தினார். பிடியைக் கொஞ்சமும் தளர்த்தாமல் கத்தினார்.

மூச்சுக்காக நான் வாயை ஆவென்று திறந்தேன்.*

திறந்த வாயைக் கண்டால் பல் டாக்டர் என்ன செய்வார்? முப்பது வருஷப் பழக்கம். அண்ணியின் கண் நேராகக் கடைவாய்க்குப் போயிற்று.

"ஏய், அடைப்பு எங்கடி?"

நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் குனிந்தார். அவர் எடை முழுவதும் என் விலாவிலிருந்து நகர்ந்து தலைப்பக்கம் போனது. என் உடம்புக்கு அது தெரிந்தது; எனக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்தது. தூக்கினேன். மலை புரண்டது! பச்சை மேட்டும் கூரையும் இடம் மாறின. கீழே அண்ணி, மேலே நான். டயர் கடைக்காரர் எழுந்து நின்று விசில் அடித்தார். என் வீட்டுக்காரர் யாருக்கென்று தெரியாமல் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். நான் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன், அவர் கையை அக்குளில் இடுக்கினேன், சாய்ந்தேன். மாஸ்டர் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள், இந்த முறை எனக்காக.

"அடிப்பாவி, அடிப்பாவி" என்று அண்ணி கீழே திமிறினார். சிரிக்கவும் செய்தார். என்ன திமிறல்! நான் விடவில்லை. என் வாழ்நாளில் யாரையும் அப்படிப் பிடித்துவைத்ததில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தால் அல்ல, சந்தோஷம், சுத்தமான சந்தோஷம், கூச்சநாச்சமில்லாத சந்தோஷம்.

அப்போது அண்ணியின் இடது கை மேலே எழுந்தது.

(* மூச்சுக்காகத்தான் திறந்தேன், சத்தியமாக. அண்ணி இதை இன்றுவரை நம்பவில்லை. "எழுத்தாளர் புத்தி, வேணும்னே காட்டியிருக்கா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடைப்பு என் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.)

9

பெல்ட் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, இருவருக்கும். மாஸ்டர் என் இடுப்பில் மஞ்சளைக் கட்டிவிட்டு, "இன்னிக்கு ஏமாத்தல அக்கா" என்றாள். அது இந்த நாற்காலியின் முதுகில்தான் தொங்குகிறது. எழுதும்போது அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன், கர்வமாகத்தான். திரைச்சீலையையும் மாற்றிவிட்டேன். நல்ல செங்கல் சிவப்பு. அண்ணிக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னார். சரி அண்ணி என்று சொல்லிவிட்டு அப்படியே மாட்டி வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் காலையில் கூப்பிட்டார். "அந்தக் கை என்னாச்சுங்க? சொல்லாம விட்டுட்டீங்களே. பழையபடி முடியறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டீங்களா?"

"இல்லைங்க. இன்னும் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்ததால் அவருக்கும் தெரியாது. அக்காவைக் கேட்டால் என்னைக் கேட்கச் சொல்கிறார், என்னைக் கேட்டால் நான் அக்காவைக் கேட்கச் சொல்கிறேன். மனிதர் சாப்பாட்டு மேசையில் தவியாய்த் தவிக்கிறார்.

ஆகவே வாசகரே, நீங்கள்தான் மிச்சம். அண்ணியின் கை மேலே இருக்கிறது. கிளினிக்கில் என்றால் வலிக்கிறது, நிறுத்து என்று அர்த்தம். ஆனால் இது மேட்; கை கீழே வந்து இரண்டு முறை தட்டினால்தான் கணக்கு. தட்டுவதற்காகவும் எழுந்திருக்கலாம். என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, நான் செய்ததையே எனக்குத் திருப்பிச் செய்வதற்காகவும் எழுந்திருக்கலாம். அவரைப் பற்றி உங்களுக்கு இப்போது எனக்குத் தெரிந்த அளவு தெரியும்.

நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறேன், நான் விடப்போவதில்லை.